பௌர்ணமியில் திறக்கிற பக்கம்

தசரதன் கடை ஜெராக்ஸ் மெஷினை நான் உதைத்துவிட்டு வந்தேன் என்று வேங்கிக்கால் முழுக்கப் பேச்சு. சுத்தப் பொய். மூடியைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினேன், அவ்வளவுதான். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் அந்தக் கடையில் ஆதார் கார்டுக்கும் பட்டாவுக்கும் முன்பக்கம் பின்பக்கம் நகல் எடுத்துக்கொண்டிருந்தவள் நான். படித்தது பி.எஸ்சி. கணக்கு. சாப்பாட்டு நேரத்தில் போனில் வெப் டிசைன் பாடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு, "இந்த மூஞ்சிக்கு வெப் டிசைன் கேக்குதா?" என்றார் தசரதன். மூஞ்சியை வைத்துக்கொண்டா டிசைன் செய்வார்கள்? அன்றைக்கே வெளியே வந்துவிட்டேன்.

"ஒரு வாரம் தாங்க மாட்ட திரௌபதி. திரும்ப இங்கதான் வந்து நிப்ப!" என்று முதுகுக்குப் பின்னால் கத்தினார்.

செத்தாலும் வர மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் வேறு வேலை கையில் இல்லை.

கற்றுக்கொள்ளலாம், சரி. எங்கே போய்? சென்னையில் வேலை பார்க்கும் என் சிநேகிதி அபிநயாவைக் கேட்டேன். "நெட்ல கொட்டிக் கிடக்குதுடி" என்று சொல்லி லிங்க் லிங்காக அனுப்பினாள். கொட்டித்தான் கிடந்தது, நம் ஊர் சந்தை முடிந்த மறுநாள் மாதிரி. ஒருவர் முப்பதே நாளில் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார். இன்னொருவர் வணக்கம் சொல்லி, பெல் பட்டனை அழுத்தச் சொல்லி, புதிதாக வாங்கிய ஹெட்போனைக் காட்டி முடிப்பதற்குள் என் டேட்டா பாதி காலி. பிடித்ததையெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று சேர்த்து வைத்தேன். சேர்த்து வைத்ததையே படித்ததாக நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு வீடியோ வாத்தியாரைப் பிடித்தேன். பளபளவென்று செய்வார். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்தேன். அவர் ஒரு வரி அடித்தால் நிறுத்திவிட்டு நானும் ஒரு வரி அடிப்பேன். அவருக்கு வந்தது எனக்கும் வந்தது. ஆஹா, வந்துவிட்டதே என்று குதித்தேன்.

அந்தத் தைரியத்தில் விமல்ராஜ் சாரைப் போய்ப் பார்த்தேன். தசரதன் கடைக்கு அடுத்த தெருவில் சின்னதாக வெப்சைட் ஆபீஸ் வைத்திருப்பவர். அங்கே ஜன்னலோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவர் என் பேச்சை முழுக்கக் கேட்டார். பிறகு, செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கும் கண்ணாயிரத்துக்கு ஒரு வெப்சைட் செய்யச் சொன்னார்.

"வெள்ளக்காரங்க சீசன் முடிஞ்சா அவரு ரூமெல்லாம் காத்து வாங்குதும்மா. பௌர்ணமிக்கு வர்றவங்க தேடிப் புடிச்சு அவருக்குப் போன் பண்ணணும். போன் அடிச்சா இந்த சீட்டு உனக்கு. அடிக்கலன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

எங்கள் ஊரில் மலை இல்லாமல் எதுவும் ஆரம்பிக்காது. டீக்கடை போர்டு, கல்யாணப் பத்திரிகை, அரிசி மூட்டை, டூவீலர் மெக்கானிக்கின் விசிட்டிங் கார்டு, எல்லாவற்றிலும் உச்சியில் மலை. நானும் அதையே செய்தேன். பக்கத்தைத் திறந்ததும் மேகம் நகர்கிற மலை, திரை முழுக்க வீடியோவாக. அதற்குக் கீழே ரூம் படங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் போன் நம்பர். ஆபீஸ் வைஃபையில் போட்டுக் காட்டியபோது கண்ணாயிரம் செருப்பைக் கழற்றிவிட்டு லேப்டாப்பைப் பார்த்துக் கும்பிட்டார். விமல்ராஜ் சார் சூப்பர் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பௌர்ணமி வந்தது. எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அம்மா வெள்ளையம்மாள் வாசலில் சுக்குக் காப்பி போடுவாள். பொழுது சாய்ந்ததும் ஜனம் நெருக்கியடித்தது. காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, ரூம் விசாரித்த ஒரு ஜோடிக்கு என் வெப்சைட் பெயரைப் பெருமையாகச் சொன்னேன். திறந்தார்கள். வெள்ளைத் திரை. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"நாமதான் மலையச் சுத்த வந்தோம்னா, இது நமக்கு மேல சுத்துதேங்க!" என்று அந்தம்மா சிரித்தார்.

அவர் கணவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பௌர்ணமி அன்றைக்கு லட்சக்கணக்கில் ஆள் வந்தால் இங்கே நெட் படுத்துவிடும் என்பது எங்கள் தெருவில் தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து இந்தப் பாதையிலேயே இருக்கிற எனக்கு ஏன் உறைக்கவில்லை? மலை வீடியோ இறங்காமல் அதற்கடியில் இருந்த போன் நம்பர் எப்படித் தெரியும்?

மறுநாள் நான் விமல்ராஜ் சார் ஆபீசில் இருக்கும்போதே கண்ணாயிரம் வந்துவிட்டார். "ஒரு போனு வரலீங்க. ஒண்ணே ஒண்ணு வந்துச்சு, அதுவும் லோன் வேணுமானு கேட்டு!" மெட்ராஸ் கம்பெனி ஒன்றிடம் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார்.

"அடுத்த பௌர்ணமி வரைக்கும் டைம் குடுங்க சார்," என்றேன். கெஞ்சுகிற குரலில் சொல்லத்தான் நினைத்தேன். சண்டைக்குப் போகிற குரலில்தான் வந்தது.

விமல்ராஜ் சார் அவரைப் பார்த்தார், அவர் என்னைப் பார்த்தார். "சரி. அதோட முடிஞ்சிது," என்றார் கண்ணாயிரம்.

வீட்டுக்கு வந்து, பக்கத்தை எப்படி லேசாக்குவது என்று வீடியோ வாத்தியாரிடம் கமெண்டில் கேட்டேன். சிவப்பாக ஒரு இதயம் போட்டார். இதயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வந்த ஆத்திரத்தில் புதிதாக ஒரு பக்கம் திறந்து, வீடியோவை மூடிவிட்டு, மனதில் இருப்பதை மட்டும் வைத்து எழுதிப் பார்த்தேன். தலைப்பு வந்தது. அதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை. இத்தனை நாள் நான் கற்றது அவர் கையெழுத்தின் மேல் பேனாவை ஓட்டுவதைத்தான். அழுகை வந்துவிட்டது. அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

சேர்த்து வைத்திருந்த லிங்க்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். இந்த முறை ஒரே சோதனை. ஒரு பாடம் படிப்பேன், மூடுவேன், பார்க்காமல் செய்வேன். செய்ய முடியவில்லை என்றால் இன்னொரு தரம் படிப்பேன். அப்போதும் வரவில்லையா, அந்தப் பாடம் குப்பைக்கு. முக்கால்வாசி அப்படியே போயிற்று. வீடியோ வாத்தியாரும் போனார், ஹெட்போன்காரரும் போனார்.

அபிநயா முதல் நாளே அனுப்பியிருந்த ஒன்று மிஞ்சியது. பிரவுசர் செய்கிறவர்களே இலவசமாக எழுதிப் போட்டிருந்த பாடம். மூஞ்சியும் கிடையாது, பாட்டும் கிடையாது, வெறும் எழுத்து, அதுவும் இங்கிலீஷ். பார்த்தவுடனே மூடியிருந்தேன். அதில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு பயிற்சி இருந்தது, விடை தனியாக. எதை எப்போது செய்யக் கூடாது என்றும் சொல்லியிருந்தது. எந்த வீடியோவும் எனக்கு அதைச் சொன்னதில்லை. ஒரு படம் எவ்வளவு டேட்டா தின்னும், அதாவது படத்தின் எடை, அதற்கே தனிப் பாடம். பிரவுசருக்குள்ளேயே நெட் வேகத்தைக் கம்மி பண்ணிப் பார்க்கும் வசதி இருப்பதும் அதில்தான் தெரிந்தது. அட, வீட்டுக்குள்ளேயே பௌர்ணமியை வரவழைக்கலாம்! என் பழைய பக்கத்தை அதில் போட்டேன். அம்மா உலை வைத்து அரிசி போட்டு முடித்தாள், அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

இங்கிலீஷ் லேசில் ஏறவில்லை. ஒரு பத்தியை நாலு தரம் படிப்பேன்.

"என்னாடி, பரீட்சையா? தொண்டத் தண்ணி வத்துற மாதிரி படிக்கிற?" என்றாள் அம்மா.

"ஆமா. ஃபெயிலானா தசரதன் கடைதான்."

"அதுக்கு நீ என்கூடக் காப்பித் தண்ணியே ஊத்தலாம்," என்று சொல்லிவிட்டுப் போய், ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். வீடியோ போயிற்று. போன் நம்பர் உச்சிக்கு வந்தது, தொட்டால் நேராகப் போன் போகிற மாதிரி. ரூம் படங்களைச் சுருக்கினேன். கண்ணாயிரத்திடம் காட்டினேன். முகம் சுண்டிப்போயிற்று.

"மலை எங்கம்மா?"

மூலையில் காட்டினேன். படமே இல்லை, கோட்டால் வரைந்த மலை. எடையென்று சொல்ல ஒன்றுமில்லை.

"இத்தினூண்டு இருக்குது! சாமிய மூலையில ஒக்கார வெப்பாங்களா?"

பல்லைக் கடித்துக்கொண்டேன். முடியவில்லை. "மலை வெளிய பெருசாத்தாங்க நிக்குது. அதப் பாக்கத்தான் அவங்க இவ்ளோ தூரம் வந்துட்டாங்களே. இங்க அவங்களுக்கு வேண்டியது ஒங்க நம்பரு. ரூம் கெடைக்காம புள்ளகுட்டியோட ரோட்டுல படுக்கறாங்க, எங்க வாசல்லயே படுக்கறாங்க, வந்து பாருங்க!"

போச்சுடா, நாற்காலி கைவிட்டுப் போயிற்று என்று நினைத்தேன். கண்ணாயிரம் துண்டை உதறித் தோளில் போட்டார். "பௌர்ணமி ஆவட்டும். பாக்கலாம்," என்று எழுந்து போனார்.

அடுத்த பௌர்ணமிக்குக் கூட்டம் இன்னும் ஜாஸ்தி. பொழுது சாயும்போதே நெட் தள்ளாட ஆரம்பித்தது. நான் வேண்டுமென்றே அம்மாவின் போனை எடுத்தேன். கண்ணாடி விரிசல் விட்ட, ரொம்ப விலை குறைந்த போன். வெப்சைட் பெயரை அடித்தேன்.

வெள்ளைத் திரை. ஒரு மூச்சு. நம்பர் வந்தது. ரூம் விவரம் வந்தது. மூலையில் என் மலையும் வந்து உட்கார்ந்தது.

"அம்மா! வந்துடுச்சும்மா!"

"யாரு?" என்று அம்மா ரோட்டைப் பார்த்தாள்.

எனக்குத் திறந்தால் போதுமா? அங்கே போன் அடிக்க வேண்டுமே. கண்ணாயிரத்துக்குப் போட்டேன். வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. ஒரு காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி அதே குரல். அந்தக் குரல் அத்தனை இனிமையானது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கடைசியில் அவரே கூப்பிட்டார். எடுத்ததும் கத்தினார்.

"யம்மா திரௌபதி! அந்த நம்பர எடுத்து வுடும்மா, உனக்குப் புண்ணியமாப் போவும்! ரூமெல்லாம் ஃபுல்லு. வாசப்படியில வேற ஆளு நிக்குது. போனு வெச்சா அடிக்குது, வெச்சா அடிக்குது, ஒரு வாய் சோறு துன்ன முடியல!"

"நம்பர எடுக்கக் கூடாதுங்க. ரூம் இல்லனு மேல ஒரு வரி போட்டுடறேன்."

"என்னாத்தையோ போடு. சீக்கிரம் போடு. விமலுகிட்டயும் சொல்லிட்டேன், இனிமே என் வேல எல்லாம் அந்தப் பொண்ணுதான் பாக்கணும்னு. திங்கக்கெழம வந்து சீட்டுல ஒக்காரச் சொன்னாப்ல."

போனை வைத்துவிட்டுச் சுக்குக் காப்பிப் பானை பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். சுக்குப் பொடி ஒட்டிய விரலாலேயே என் போனில் பக்கத்தைத் திறந்து எழுதினேன். இன்றைக்கு அறைகள் நிரம்பிவிட்டன. சிவப்பு எழுத்து, கொஞ்சம் பெரிதாக, நம்பருக்கு மேலே. எழுதி ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, எந்தப் பாடத்தையும் நான் திறந்து பார்க்கவில்லை.

"ஏய், அங்க என்னாடி சிரிப்பு? டம்ளர் கழுவு," என்றாள் அம்மா.

கழுவினேன்.