ஒளித்து வைத்த நான்கு சொற்கள்

கருங்கல்லுக்கு இன்று தேவை உடல்தகுதிச் சான்றில் ஒரே ஒரு கையெழுத்து. டாக்டரம்மா போட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை குத்துச்சண்டை இறுதிப்போட்டி. போடாவிட்டால் எட்டு வருட உழைப்பு அம்போ.

தலையில் எத்தனை குத்து விழுந்தாலும் அசராதவன் என்று பயிற்சிக் கூடத்தில் அவனுக்கு வைத்த பெயர்தான் கருங்கல்.

குத்து வாங்கி ஞாபகம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க, டாக்டரம்மா பத்துச் சொற்களை நிதானமாக வாசித்தார். ஐந்து நிமிடம் வேறு பேச்சு. பிறகு, ஞாபகம் இருப்பதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

இதில் ஒரு தில்லுமுல்லு உண்டு. ஆறு மாதத்துக்கு முன், பயிற்சி தொடங்கும்போது நடந்த முதல் சோதனையில் கேட்ட வேறு பத்துச் சொற்களும் அவனுக்குப் பளிச்சென்று ஞாபகம் இருந்தன. ஆறுதான் சொன்னான். பயிற்சி தரும் மாஸ்டர் காதில் ஓதி அனுப்பிய உபாயம்.

"இப்பவே கம்மியா சொல்லி வைடா. அப்புறம் நாலு மறந்தாலும் வித்தியாசம் தெரியாது."

கூடத்தில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் இன்று நடிப்பதில்லை என்று வந்திருந்தான்.

போன வாரம் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் கடைத்தெருவை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனான். தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல் மனைவி கேட்டாள்:

"நமக்குக் கல்யாணம் ஆனதாவது ஞாபகம் இருக்கா?"

அவனும் சிரித்து வைத்தான். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. இந்த ஆறு மாதத்தில் ஒரு போட்டிகூட இல்லை. தினமும் கூட்டாளிகளிடம் வாங்கிய பயிற்சிக் குத்துதான். அது என்ன செய்துவிடும்? பத்தையும் ஒப்பித்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

"குடம், ஜன்னல், ஆடு, கத்தரி..." மளமளவென்று வந்தன. "பஞ்சு." கொஞ்சம் திணறல். "சங்கிலி."

அதற்குமேல் ஒன்றுமில்லை. கண்ணை மூடினான். பல்லைக் கடித்தான். துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது உள்ளே.

ஆறு.

டாக்டரம்மா பழைய தாளைப் புரட்டினார். போன தடவையும் ஆறுதான், ஒரு மாற்றமும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்திட்டு நீட்டினார்.

வாசலில் மாஸ்டர் முதுகில் தட்டினார். "பின்னிட்டேடா. என்னமா நடிக்கிறே!"

கருங்கல் அவர் பின்னாலேயே நடந்தான். படி இறங்கும்போது, அன்று ஒளித்த நான்கு சொற்களும் தாமாக நாக்கில் வந்து நின்றன. ஆறு மாதத்துச் சங்கதி பத்திரமாக இருக்கிறது. சற்றுமுன் கேட்டவை எங்கே?

மாஸ்டர் வண்டியைக் கிளப்பினார். கருங்கல் திரும்பி, விடுவிடுவென்று மேலே ஏறினான். தாளை மேஜைமேல் வைத்தான்.

"போன தடவை பொய் சொன்னேன் டாக்டர். பாலம், சாவி, வெங்காயம், குடை. நாலையும் தெரிஞ்சேதான் விட்டேன்."

டாக்டரம்மாவின் விரல் பழைய தாளில் இறங்கியது. நான்கும் இருந்தன. அவர் முகத்திலிருந்த புன்னகை போய்விட்டது.

"இன்னிக்கு விட்ட நாலு?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். நான்கும் முதன்முறையாகக் கேட்பவை போலிருந்தன.

டாக்டரம்மா தம் கையெழுத்தின்மேல் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். கீழே மாஸ்டரின் ஹாரன் இரண்டாம் முறை அலறியது. கருங்கல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.