வீக்கம் வடிந்த லாரி

பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதிய லாரிக்கு நாலாம் நாள் வீக்கம் வடிய ஆரம்பித்தது. முதல் மூன்று நாள் அதன் இடது முகப்பு உப்பி, பெயிண்டுக்கு அடியில் கன்றிப்போய், தொட்டால் அனலாகக் கொதித்தது. பிறகு நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது, முன்கண்ணாடியின் விரிசல்கள் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் சுத்தியலோடு வந்தவர், வண்டியை இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுச் சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பழைய வண்டிகளில் இப்படி ஒன்றிரண்டு உண்டு, தானாக ஆறிவிடும், மழை மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்.

லாரிக்கு இருபத்திரண்டு வயது. ஓட்டுபவரும் உரிமையாளரும் ஒருவரே. லோடு பிடிப்பது அவர் மனைவி. காலை எட்டு மணிக்கு ஒரு கையில் போனும் ஒரு கையில் கரண்டியுமாக அவள் பேசி முடிக்கும் வாடகையில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. விபத்தன்று முன்னால் போன வேனின் கூரையிலிருந்து ஒரு மெத்தை கழன்று சாலையில் விழுந்தது. அதன் மேலேயே ஏற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் புது மெத்தை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை, யாரோ ஆசை ஆசையாக வாங்கியிருப்பார்களே என்று டிரைவர் ஒரு நொடி இரக்கப்பட்டுவிட்டார். ஸ்டியரிங்கை ஒடித்தார், கல்லில் போய் முட்டினார். பஞ்சை விட்டுவிட்டுக் கல்லைத் தேடிப் போன மனிதர் என்று தெருவே சிரித்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை என்பதால் அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

வீட்டுக்குள் சிரிப்பு இல்லை. விற்றுவிடலாம் என்று மனைவி சொன்னாள். இந்தத் தடவை தலை தப்பியது, அடுத்த தடவைக்கு யார் உத்தரவாதம் என்பது அவள் கட்சி. முட்டை வியாபாரி ஒருவர் இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். டிரைவரோ உயிர் போனாலும் விற்கமாட்டேன் என்றார். அதைத் தெருமுனை டீக்கடையிலும் சொன்னார், மாமனாருக்குப் போன் போட்டும் சொன்னார், யாரும் கேட்காதபோதும் சொன்னார். பத்து நாள் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். மாதக் கடைசிக்குள் காயம் முழுதாக ஆறிவிட்டால் வண்டி வீட்டிலேயே இருக்கும். ஆறாவிட்டால் முட்டை ஏற்றப் போய்விடும்.

விற்க நினைத்தவள்தான் வைத்தியமும் பார்த்தாள். வலியில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் ஆகாது. காலையும் மாலையும் பழைய வேட்டித் துணியில் எண்ணெயைத் தொட்டு மெதுவாகத் தடவினாள், மேகம் கறுத்தால் தார்ப்பாய் போர்த்தினாள். முதல் வாரம் எண்ணெய் பட்டதும் லாரி வெடுக்கென்று உதறிக்கொண்டது. பிறகு பழகிவிட்டது, அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே வைப்பர் இரண்டையும் ஒருமுறை அசைத்தது. வளைந்த பம்பர் நிமிர்ந்தது. உடைந்த ஹெட்லைட் பால் போல் மங்கலாக முளைத்து, நாளடைவில் தெளிந்தது. எல்லாம் ஆறியும் டிரைவர் பக்கத்துக் கதவுக்குக் கீழே உள்ளங்கை அளவு ஓர் இடம் மட்டும் ஆறவில்லை. தினமும் துருப் பொருக்கு கட்டும். மறுநாள் பார்த்தால் பொருக்கு உரிந்து பச்சைப் புண்ணாக நிற்கும். காக்காய் கொத்துகிறதோ என்று அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி கூப்பிட்டதற்கு வந்த டிங்கர் குனிந்து பார்த்தார். "இது ஆறாத புண் இல்லக்கா. யாரோ நோண்டுறாங்க" என்றார்.

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. பாங்குக்குப் போன மனைவி, கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே திரும்பினாள். நல்ல மதிய வெயில். கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து அவள் கணவர் ஸ்க்ரூடிரைவர் முனையால் பொருக்கை உரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் வண்டியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். லாரி நடுங்கியது, ஆனால் ஒதுங்கவில்லை. விற்கவே மாட்டேன் என்று ஊரைக் கூட்டிய வாய் என்ன ஆயிற்று என்று அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் நிமிர்ந்து பார்த்த முகத்தைப் பார்த்ததும் அது எங்கேயோ போய்விட்டது.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார் அவர். "சாவியைக் கையில எடுத்தாலே நடுங்குது. இனிமே ஓட்ட முடியாதுன்னு என் வாயால சொல்ல வரல. இது ஆறலைன்னா நீயே வித்துடுவேன்னு பாத்தேன்."

"அதுக்கு வாயில்லா ஜீவனையா நோகடிப்பீங்க? என்கிட்ட சொல்லக் கூடாதா?"

அவள் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். தான் தினமும் வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, அவர் திரும்பும்வரை எவ்வளவு பயந்திருக்கிறோம் என்பதை அவளும் அதுவரை சொன்னதில்லை, அன்று சொன்னாள். பயத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டதும் இருவருக்குமே கொஞ்சம் பசித்தது. சாப்பிட்டார்கள். ஸ்க்ரூடிரைவரை அவள் தையல் மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

மாதக் கடைசியில் முட்டை வியாபாரி முன்பணத்தோடு வந்தார். ஒப்பந்தப்படி காயம் ஆறவில்லை, வண்டி அவருக்குத்தான் போக வேண்டும். மனைவி தன் ஒப்பந்தத்தைத் தானே கிழித்துப் போட்டாள். புண்ணோடு இருப்பதைக் கைமாற்றுவதில்லை, ஆறின பிறகு தன் கணவரே ஓட்டுவதா விற்பதா என்று சொல்வார், அதுவரை யாரும் அவரை அவசரப்படுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். வியாபாரி போகிறபோது எண்ணெயில் கொஞ்சம் மஞ்சளும் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போனார். தன் பழைய வேனுக்கு அது நன்றாகக் கேட்டதாம்.

நோண்டாத புண் ஒன்பது நாளில் மூடியது. டிங்கர் வந்து தட்டிப் பார்த்து, இனி கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவிட வேண்டும், படுத்தே கிடந்தால் சக்கரம் மரத்துவிடும் என்றார். யார் நடத்துவது என்று அவர் கேட்கவில்லை. முதல் நாள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து இறங்கினார், அவ்வளவுதான். இரண்டாம் நாள் இன்ஜினைப் போட்டார். மூன்றாம் நாள் மனைவி பக்கத்தில் ஏறிக்கொண்டாள், தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள். ஒரு வாரத்தில் கடைத்தெரு, அடுத்த வாரம் ரயில்வே கேட். சைக்கிள்கள் மணியடித்து முந்திக்கொண்டு போயின. யாரும் கேலி செய்யவில்லை. அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் எப்போதாவது ஒருவர் காலொடிந்து தேறியிருக்கிறார்.

பதினேழாம் நாள் பாலம் வந்தது. கைப்பிடிச் சுவரில் புதுச் சிமென்ட் இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது. பாலத்தில் ஏறியதும் லாரி மூச்சைப் பிடித்துக்கொண்டது. இன்ஜின் சத்தம் அடங்கி, சக்கரங்கள் மட்டும் உருண்டன. டிரைவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

"நீ ஏதாவது பேசிட்டே இரு" என்றார்.

அவளுக்குப் பேசத் தெரிந்தது ஒன்றுதான். மேட்டுத் தெருவில் ஒரு வீட்டுக்கு நாற்பது பெட்டி டைல்ஸ் போகவேண்டுமாம், வாடகை குறைத்துக் கேட்கிறார்களாம், ஏற்ற இரண்டு ஆள் அவர்களே தருகிறார்களாம், வேறு லாரி பார்த்துக்கொள்ளுங்கள் என்று இவள் சொல்லிவிட்டாளாம். சொல்லி முடிப்பதற்குள் பாலம் பின்னால் போயிருந்தது. லாரி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது, இன்ஜின் மறுபடி ஓடத் தொடங்கியது. டிரைவர் கியரை மாற்றினார்.

"அவங்களுக்குப் போன் போடு" என்றார். "அந்த லோடை நாமளே ஏத்திக்கலாம்."