நாலு விரல் உயரம்

வண்டியின் முன்சக்கரங்கள் வேகத்தடையில் ஏறி இறங்கின. அடுத்த நொடி அடியில் கிர்ரென்று ஒரு சத்தம். நின்றிருந்தவர்களுக்கெல்லாம் பல் கூசியது. சிவசங்கர் பிரேக்கை மிதித்தார். அவருடைய டிராக்டர் டிரைவர் பொன்னுரங்கம் ரோட்டில் குப்புறப் படுத்துப் பார்த்தான். முன்சக்கரம் அந்தப் பக்கம், பின்சக்கரம் இந்தப் பக்கம், வண்டியின் வயிறு சிமெண்டு மேட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. இங்கிலாந்திலிருந்து ஏழு கடல் தாண்டி வந்த வண்டியால் வீட்டு வாசலிலிருந்து இருநூறு அடி தாண்ட முடியவில்லை. ஆறு பேர் சேர்ந்து தூக்கித்தான் பின்னால் எடுத்தார்கள். பலகை போட்டு ஏற்றிப் பார்த்தார்கள். அப்போதும் இடித்தது.

சிவசங்கருக்கு அரிசி மில்லும் அணைப் பாசனத்தில் கரும்பும் இருந்தன. இரண்டு பேர் மட்டும் உட்காரும் அந்தப் பச்சை நிற ஸ்போர்ட்ஸ் காரைப் பதினைந்து வயதில் ஏதோ காலண்டரில் பார்த்தவர், போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபிறகு இனி எதற்குக் காத்திருப்பது என்று இறங்கிவிட்டார். விற்றது ஒரு கிழவி. புருஷன் அறுபத்தெட்டாம் வருஷம் வாங்கி, சாகும்வரை தானே துடைத்து வைத்த வண்டியாம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வீடியோவில் பேசுவார்கள். இன்ஜின் நம்பரிலிருந்து சீட்டின் தையல் வரைக்கும் சிவசங்கர் கேட்டார். உங்கள் ஊரில் ரோடு எப்படி என்று அந்த அம்மாள் ஒருநாள் கேட்டபோது போனைத் திருப்பிக் காட்டினார். தார் ரோடு, புளியமரம், தூரத்தில் கல்வராயன் மலை எல்லாம் அதில் அழகாகத்தான் தெரிந்தன. அடிவயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று மட்டும் இரண்டு பேருமே பேசவில்லை. சென்னைத் துறைமுகத்திலிருந்து லாரியில் ஏறி வந்து முற்றத்தில் இறங்கிய வண்டி, அதனால் யாருக்கும் தோன்றவில்லை.

“வண்டிய கப்பல்ல ஏத்தும்போது அந்தம்மா அழுதுடுச்சாம், ரங்கா” என்று சொல்லும்போது சிவசங்கருக்கே கண் கலங்கியது.

ரோடு மறுபக்கம் ஏரிக்கரைத் தெருவோடு முடிந்துவிடும். கோயிலுக்கோ பெட்ரோல் பங்குக்கோ மலைக்கோ போக வேண்டுமென்றால் அந்த வேகத்தடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அதைப் போட்டவனே பொன்னுரங்கம்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால், புளியமரத்தடியில் ஸ்கூல் வேனிலிருந்து இறங்கி ரோட்டைக் கடந்த அவன் மகள் தேவதர்ஷினியை, வெளியூர்க் கரும்பு டிராக்டர் அடித்தது. இரண்டாம் வகுப்பு. சிவசங்கர்தான் தன் காரில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பறந்தார். சீட்டெல்லாம் ரத்தம். அதைப்பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிள்ளை வழியிலேயே போய்விட்டது. ஊர் மறியல் பண்ணியது. இரண்டு நாளில் வேகத்தடை போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போன அதிகாரிகள் கருமாதி வரைக்கும் வரவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் பொன்னுரங்கமே கலவை போட்டான். சிமெண்டு மூட்டைகளைக் கொடுத்ததும் சிவசங்கர்தான். பத்து நாள் ஈரச்சாக்கு போர்த்தி, காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியவள் அவன் பெண்டாட்டி பச்சையம்மாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டுக்கு அடித்த சுண்ணாம்பில் கொஞ்சம் மிச்சம் வைத்து அதன்மேல் பட்டை இழுப்பாள். பஸ்ஸில் வரும்போது புளியமரம் தெரிந்ததும் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வாள். பஸ் ஏறி இறங்கி ஒரு குலுக்கு குலுக்கும். அப்புறம்தான் கண்ணைத் திறப்பாள். ஏன் என்று பொன்னுரங்கம் கேட்டதில்லை.

“முழுசா எடுக்க வேணாம் ரங்கா” என்றார் சிவசங்கர். “மேல ஒரு நாலு வெரல் கொத்தி வுட்டா போதும்.”

“பாப்பாவுக்காக போட்டதுங்க, மொதலாளி.”

“எனக்குத் தெரியாதா? நான் இன்னா வேணும்னா கேக்கறேன்? இப்ப ரப்பர்ல வருது, ஒசரம் கம்மியா. அடுத்த மாசம் நானே வாங்கிப் போடறேன். வெள்ளிக்கெழம அம்மன் கோயில்ல வண்டிக்கு பூஜ. ஊரையே கூப்ட்டுட்டேன்.”

“அவகிட்ட ஒரு வார்த்த...”

“கேளு. வேணாங்கல. அவ மனசு நோவாம கேளு.”

முதலாளி கெட்டவனாக இருந்தால் பொன்னுரங்கம் முடியாது என்றிருப்பான். அந்த ரத்தம் படிந்த சீட்டு கண்முன்னால் வந்து நின்றது. அவரே அதைச் சொல்லிக்காட்டியிருந்தால்கூடக் கோபப்பட்டிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு வந்தான். வியாழக்கிழமை சோறு போட்டுக்கொண்டே பச்சையம்மாள் கேட்டாள். “இன்னா ஒரு மாதிரி கீற?” “ஒன்னுமில்ல, வெயிலு” என்றான்.

வெள்ளிக்கிழமை அவள் மரவள்ளிக்குக் களை வெட்டப் போனபிறகு கடப்பாரையை எடுத்தான். நாலு விரல்தான், நாலே விரல் என்று சொல்லிக்கொண்டுதான் முதல் போடு போட்டான். மேலே கொத்தினால் பொடிதான் வந்தது. நுனியைக் கொஞ்சம் அடியில் கொடுத்து நெம்பினான். தார்மேல் ஒட்டியிருந்த சிமெண்டு முழுசாக விரிசல் விட்டு, பாளம் பாளமாகப் பெயர்ந்துகொண்டது. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு ஒரு பாளத்தைத் திரும்ப அதே இடத்தில் வைத்து அமுக்கிப் பார்த்தான். ஒட்டவில்லை. வெட்கமாக இருந்தது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

நாலரைக்கு மாலை போட்ட வண்டி வந்தது. வெறுந்தரையைப் பார்த்ததும் சிவசங்கர் நிறுத்தினார். பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“ஏறு ரங்கா. மொத ஆளா நீதான் வரணும்.”

ஏறினான். உட்கார்ந்தால் ரோடு கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. கையை வெளியே விட்டால் தொட்டுவிடலாம். அந்த இடத்தின்மேல் வண்டி போனதே தெரியவில்லை. ஒரு சத்தமில்லை. “எப்பிடி போவுது பாத்தியா!” என்று சிவசங்கர் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். பொன்னுரங்கமும் சிரித்தான். கல்லையெல்லாம் ஒதுக்கிவிட்டு வருகிறேன் என்று புளியமரத்துக்கு அப்பால் இறங்கிக்கொண்டான்.

பாளங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மரத்தடியில் அடுக்கினான். சிலவற்றின்மேல் சுண்ணாம்புப் பட்டை அழியாமல் இருந்தது. அவற்றை மேலே தெரியாதபடி கவிழ்த்து வைத்தான். கோயில் பக்கம் வேட்டுச் சத்தம் கேட்டது.

ஐந்தரை மணி டவுன் பஸ் வந்தது. டிரைவர் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தார். ரோடு சமமாகக் கிடப்பதைப் பார்த்ததும் மறுபடி அழுத்தினார். மூன்றாவது ஜன்னலில் பச்சையம்மாள் இருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். பொன்னுரங்கம் ஒரு எட்டு முன்னால் வைத்தான். பஸ் அவனைத் தாண்டியது. மில்லைத் தாண்டியது. ஏரிக்கரை வளைவில் திரும்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன. அவை இன்னும் கம்பியை விடவில்லை.