பைண்டிங்குக்குப் போன தொகுதி

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் "ஊர் வரலாறு" என்று தலைப்பு எழுதிய தாளைத் தூக்கிக்கொண்டு வரும் மாதம் வந்துவிட்டால், நூலகருக்குக் காபியைச் சூடாகக் குடிக்கும் யோகம் இல்லை. தலைப்பைச் சொன்னதும் கட்டுரையே கையில் வந்து விழும் என்ற நினைப்பில்தான் முக்கால்வாசிப் பேர் வருவார்கள். நூலகரும் லேசுப்பட்டவள் இல்லை.

"இதை எழுதினவர் எங்கேருந்து எடுத்தார்னு கடைசிப் பக்கத்துல பாரு. அந்தப் புத்தகத்தையும் எடு. அது எங்கேருந்து எடுத்துச்சுன்னு பாரு. இதுக்கு மேல போக வழியில்லைங்கற வரைக்கும் போ" என்பாள். பாதிப் பேர் அதோடு கழன்றுகொள்வார்கள்.

ரெட்டைச்சடை கழன்றுகொள்ளவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண்ணுக்கு ஆற்றுப் பாலம் தலைப்பு. பெருவெள்ளத்தின்போது பாலத்தின்மேல் ஏறி நின்ற ஜனங்களெல்லாம் பிழைத்தார்கள் என்பது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரிந்த கதை. பாலத்தின் முகப்பில் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

"அஞ்சு புத்தகமும் ஒரே மாதிரிதான் மேடம் சொல்லுது. ஆனா நாலு பேரு இதைப் பார்த்து எழுதினவங்க" என்று ஒரு மெல்லிய புத்தகத்தை மேசையில் வைத்தாள். "இதுல மட்டும் எங்கேருந்து எடுத்தாங்கன்னே இல்லை. வெள்ளம் வந்த வருஷத்துப் பேப்பர் இங்க இருக்குமா?"

அந்த மெல்லிய புத்தகத்தை எழுதியது நூலகரின் அம்மா. ஊரில் பாதிப் பேருக்கு வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வாழ்நாளில் எழுதியது அந்த ஒன்றுதான். வரும் சனிக்கிழமை பிள்ளைகள் தங்கள் கட்டுரைகளை இதே நூலகத்தில் வாசிக்கப்போகிறார்கள். அதற்குத் தலைமை அம்மாதான். ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நாளைக்கு வாம்மா, எடுத்து வைக்கிறேன்" என்றாள் நூலகர்.

அன்று சாயங்காலமே பின்னறைக்குப் போய், பழைய நாளிதழ்களை வருஷவாரியாகக் கட்டி வைத்த தொகுதிகளில் அதைத் தேடி எடுத்தாள். பெருமையோடுதான் பிரித்தாள். அம்மா எழுதியது அந்தக் காலத்துப் பேப்பரிலேயே இருப்பதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

பேப்பரில் வேறு கதை இருந்தது. வெள்ளம் வந்த வாரத்தில் பாலமே இல்லை. கட்டி முடியாமல் ஆற்றில் வெறும் தூண்கள்தான் நின்றன. ஜனங்களைக் காப்பாற்றியது கரையோரத் துணி மில்லில் இரவு வேலை பார்த்த பெண்கள். மேல்மாடியின் பூட்டை உடைத்துத் திறந்து, நெய்து வைத்த துணியை முறுக்கிக் கயிறாக வீசி, தண்ணீரில் போனவர்களை இழுத்துப் போட்டிருக்கிறார்கள். மறுவாரத் தாளின் மூலையில் இன்னொரு சின்னச் செய்தி: பூட்டை உடைத்த குற்றத்துக்காக அந்தப் பெண்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

நூலகர் தொகுதியைச் சட்டென்று மூடிவிட்டாள். அந்தப் பெண்களை நினைத்து அல்ல, அதைச் சொல்லத்தான் வேண்டும். சனிக்கிழமை மேடையில், ஊர் முன்னால், அம்மாவின் முகம் எப்படிப் போகும் என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் ரெட்டைச்சடை வந்ததும், "அது பைண்டிங்குக்குப் போயிருக்கும்மா" என்றாள். நூலகங்களில் எழுந்துபோய்த் தேடச் சோம்பல்படுகிறவர்கள் கூசாமல் சொல்லும் பொய் இது. அவள் வாயில் இதுவரை வந்ததில்லை. சொன்ன பிறகு நாக்கு கசந்தது.

அந்தப் பெண் வீட்டுக்குப் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். அவளா போவாள்? ஜன்னலோர மேசையில் தினமும் வந்து உட்கார்ந்து பேப்பர் படிக்கும் முதியவளையும், கையிலிருந்த புத்தகத்தின் பின்னட்டைப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நேராகப் போய் நின்றாள்.

"டீச்சர், இதை நீங்கதானே எழுதினீங்க? பாலத்து மேல ஏறிப் பிழைச்சாங்கன்னு எதுல பார்த்தீங்க?"

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "அந்த வருஷத்துப் பேப்பர்லயே இருக்குமே கண்ணு! கேட்டு வாங்கு."

"பைண்டிங்குக்குப் போயிருக்காம்."

"பைண்டிங்கா? பைண்டர் கடையை மூடிட்டுப் போய் எத்தனை காலமாச்சு! இவ வீட்ல தினம் அதைச் சொல்லித்தானே புலம்பறா." அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். வகுப்பில் பேசுகிறவர்களைப் பார்த்த அதே பார்வை. "என்னம்மா? எடுத்துட்டு வா. குழந்தை என்னோட சேர்ந்தே பார்க்கட்டும்."

நூலகர் கொண்டுவந்து வைத்தாள். அம்மா ரெட்டைச்சடையைப் பக்கத்தில் உட்காரவைத்து, விரலை ஓட்டிக்கொண்டே சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். தூண்கள் என்ற இடத்தில் குரல் தணிந்தது. மில் என்ற இடத்தில் நின்றேவிட்டது. மீதியை அந்தப் பெண்தான் படித்தாள், மறுவாரத்து மூலைச் செய்தி வரைக்கும்.

"எங்கப்பா சொன்னாரு. எழுதிட்டேன்" என்றாள் அம்மா. "அப்பா சொன்னதுக்கு எதுக்கு ஆதாரம்னு விட்டுட்டேன். நீ எழுது கண்ணு. என் பேரைப் போட்டே, இது தப்புன்னு எழுது. சனிக்கிழமை உன் கட்டுரைதான் முதல்ல."

பிறகு மகளைப் பார்த்தாள். "நீ நேத்தே பார்த்துட்ட, இல்ல?"

"ஆமாம்மா."

"எனக்காகவா?"

"நீ எல்லார் முன்னாலயும் தலைகுனிஞ்சு நிக்கக் கூடாதுன்னு..." என்றாள் நூலகர். ரெட்டைச்சடை பக்கம் திரும்பி, "உன்கிட்ட பொய் சொன்னேன்மா. தப்பு" என்றாள். அந்தப் பெண் பேனாவைத் திறந்து மூடினாள்.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது நூலகருக்கு.

"வேலை போனாலும் போகட்டும்னு அந்த மில்லுப் பொண்ணுங்க கையாலேயே இழுத்துப் போட்டிருக்காளுங்க" என்றாள் அம்மா. "அவங்க பேரைத் தூக்கி நான் ஒரு பாலத்துக்குக் கொடுத்துட்டேன். தெரியாம கொடுத்தேன். நீ தெரிஞ்சே இன்னொரு தடவை கொடுக்கப் பார்த்தியேடி."