கோபிக்குப் போகும் ஐந்தாவது குண்டு

குழந்தைவேலு சுடும் ஐந்து குண்டுகளில் நான்கு, நூறு மீட்டர் தள்ளி நிற்கும் அட்டையில் ஒரே ஓட்டைக்குள் போகும். ஐந்தாவது கோபிசெட்டிபாளையம் போய் அவருடைய அக்கா பாவாயியின் வீட்டுக் கேட்டைத் தட்டும்.

போய்ச் சேர்ந்ததும் அக்காவிடமிருந்து போன் வரும். குழந்தைவேலுவுக்கு அல்ல, அவர் மனைவி கோகிலவாணிக்கு. "வந்துட்டுது. காப்பி குடுத்தாச்சு. நாலு மணி வண்டிக்கு ஏத்தி உடறேன்" என்பார் அக்கா. அத்துடன் சரி. ஏழு மணிவாக்கில் சிங்காநல்லூர் நிறுத்தத்தில் கண்டக்டர் அதை இறக்கிவிடுவார். சில நாள் கூடவே ஒரு முறுக்குப் பொட்டலமும் இறங்கும்.

முறுக்கைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திரும்பி வரும் குண்டு ஒரு கிரெய்ன், அதாவது ஒரு கோதுமை மணியின் எடை, கூடி வருவதைத்தான் குழந்தைவேலுவால் பொறுக்க முடியவில்லை. அக்கா வீட்டில் யாரும் கைநனைக்காமல் கிளம்ப முடியாது. தீபாவளிக்குப் போன ஒன்று மூன்று கிரெய்ன் கூடி, நடுவில் உப்பிக்கொண்டு வந்தது. அதை இனி எந்தத் தோட்டாக் கூட்டில் செருகுவது? எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். டப்பா நிறைந்து இரண்டாவது டப்பா ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்கு வேலை நூற்பாலையின் சோதனைக் கூடத்தில், நூலை எடை போடுவது. வீட்டுக்கு வந்தால் குண்டை எடை போடுவார். துப்பாக்கி உரிமத்தைச் சட்டம் போட்டு மாட்டிய பின்கட்டு அறையில் உட்கார்ந்து தோட்டாக்களைத் தானே செய்துகொள்வார். கூட்டைத் துடைத்து, வாயை அளந்து, வெடிமருந்தைத் தராசில் ஒவ்வொரு துகளாகச் சேர்த்து, குண்டை மயிரிழை பிசகாமல் பொருத்துவார். அந்த நேரத்தில் வீட்டில் மின்விசிறி ஓடக் கூடாது, தராசு ஆடும். இருபது வருடமாகச் சித்திரை வெயிலில் விசிறியில்லாமல் சமைத்த கோகிலவாணி, ஒரு நாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தராசை ஒரு தரம் வெந்நீரில் போட்டு எடுத்தால்தான் தன் மனசு ஆறும் என்றாள். அவர் அன்றைய ஈரப்பதத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவதை நிறுத்த அவர் செய்யாததில்லை. மருந்தைக் குறைத்தார், குண்டு கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது, அக்கா காப்பியைச் சூடு பண்ண வேண்டியிருந்தது. வரிசையை மாற்றினார், கடைசியாக எது மிஞ்சுகிறதோ அது கிளம்பியது. சலித்துப்போய் ஒரு முறை கோபியைப் பார்த்தே குறிவைத்தார். அது சத்தியமங்கலத்தைச் சுற்றிக்கொண்டு கோபிக்கே போனது. அக்கா அதை, வழியில் அலைந்து களைத்துப்போய் வந்திருக்கிறது என்று சொல்லி இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்.

அக்கா அவரோடு பேசி நான்கு வருடமாகிறது. அக்காவுக்கு ஒரே மகள், சிந்துஜா. ஆண்பிள்ளை கிடையாது. சிந்துஜாவின் காதுகுத்து, பூப்புச் சீர், நிச்சயம், அக்காவின் புதுமனை புகுவிழா நான்குக்கும் குழந்தைவேலு மாமனாக முன்னால் நின்றார். கல்யாணத்தன்று மட்டும் விடியலில் காற்றே இல்லை. அப்படிக் காற்றில்லாத காலை வருடத்துக்கு நாலைந்துதான் வரும். இரண்டே இரண்டு ரவுண்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று சுடுதளத்துக்குப் போனவர், மண்டபத்துக்கு வந்தபோது மூன்றாவது பந்தி எழுந்துகொண்டிருந்தது. அக்கா கேட்டதற்கு, துப்பாக்கிக்காரர்கள் அட்டையைப் பார்த்துச் சொல்வதையே அவரும் சொன்னார்: "நாலுக்கு வந்தேனல்லக்கா. அந்த ஒண்ண உட்டுட்டுப் பாரு."

துப்பாக்கிச் சங்கத்தில் அப்படித்தான் வழக்கம். ஐந்தில் ஒன்று விலகிவிட்டால், அந்த ஒன்றை விட்டுவிட்டுப் பார்த்தால் எவ்வளவு நெருக்கம் என்று ஒருவருக்கொருவர் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வார்கள். கோபிக்குப் போன குண்டுகளையும் அப்படித்தான் விட்டுவிட்டார்கள். ஆனாலும் பதினோரு வருடமாகச் சங்கத்தின் வருடாந்திரக் கோப்பை வேறு யாருக்காவது போய்க்கொண்டிருந்தது. அந்தக் கோப்பையை ஒரு தடவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதைத் தவிர குழந்தைவேலுவுக்கு வேறு ஆசையில்லை.

இந்த வருடம் புதுச் செயலாளராகத் துரைராஜ் வந்தார். ஓய்வுபெற்ற நில அளவையர். அவர் வந்ததும் போட்ட முதல் விதி, ஐந்தும் கணக்கில் சேரும் என்பது. அதிகம் விலகிய இரண்டுக்கும் இடையே டேப் பிடித்து அளப்பாராம். குழந்தைவேலு தன் பிரச்சினையை எடுத்துச் சொன்னார். துரைராஜ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அஞ்சுன்னா அஞ்சுதானுங்க. எங்க போனாலும் அளந்துக்கலாம்" என்றார்.

இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிற்றுக்கிழமை கோபியில் சிந்துஜாவின் குழந்தைக்குக் காதுகுத்து. சிந்துஜாவுக்கு அண்ணன் தம்பி இல்லாததால் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் முறை குழந்தைவேலுவுக்குத்தான். அக்கா கோகிலவாணியை மட்டும் அழைத்தார். மடிக்கு என்ன செய்வீர்கள் என்று இவள் கேட்டதற்கு, அது வந்துவிடும் என்றாராம். போட்டி முடிந்ததும் வருவதாகக் குழந்தைவேலு சொன்னார். கோகிலவாணி சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அவள் போனதும் வீட்டில் விசிறி ஓடிக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். வேண்டுமென்றே போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

ஞாயிறு காலை நான்கும் ஒரே ஓட்டைக்குள் போயின. இவ்வளவு சின்ன ஓட்டையை அவர் இதுவரை போட்டதில்லை. ஐந்தாவதுக்கு மூச்சை அடக்கி, விரலை மெல்ல மடக்கினார். அட்டையில் ஒன்றும் விழவில்லை. சற்று நேரத்தில் கோகிலவாணி போன் செய்தாள். வந்துவிட்டது, ஆனால் சபையில் உட்கார்ந்திருப்பதால் இப்போதைக்கு அனுப்ப முடியாது என்றாள். அவருக்கு வந்த ஆத்திரத்தில் துப்பாக்கியை அங்கேயே போட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாமா என்றிருந்தது.

துரைராஜ் டேப்பை எடுத்தார். ஒரு முனையை அட்டையின் ஓட்டையில் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையைக் குழந்தைவேலுவின் கையில் கொடுத்து, தொய்வில்லாமல் கொண்டுபோகும்படி கேட்டுக்கொண்டார்.

பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. டேப் ஜன்னல் வழியே நீண்டுகொண்டே வந்தது. அவிநாசியில் ஒரு பெண் அதில் பாவாடை காயப்போட்டுவிட்டாள். கண்டக்டர் இறங்கிப் போய் எடுக்கச் சொல்லிவிட்டு வந்தார். நம்பியூரில் ஆடுகள் தாண்டும்வரை வண்டி நின்றது. வழி நெடுக ஒவ்வொருவரும் எத்தனை கிலோமீட்டர் ஆச்சு என்று கேட்டார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார்.

பந்தலில் மாமன் மணையில் குண்டு உட்கார்ந்திருந்தது. தலையில் உருமால் கட்டியிருந்தார்கள். சந்தனம் வைத்திருந்தார்கள். ஆசாரி கம்மலோடு காத்திருந்தார். குழந்தை இரண்டு முறை குண்டின் மேலிருந்து வழுக்கி இறங்கிவிட்டதாம், குண்டின் செம்பு உறை அப்படித்தான். நேரம் போகிறது என்று ஆசாரி முணுமுணுத்தார். குழந்தைவேலு டேப்பும் கையுமாக நின்றார். உருமால் அவருடைய அளவுக்குத்தான் எடுத்திருந்தார்கள் என்பது குண்டின் மேல் அது மடிந்து கிடந்த கிடப்பிலேயே தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு அவமானமாக இருந்தது.

"நிக்காத. அதக் கையில எடுத்துட்டு நீ உக்காரு" என்றார் அக்கா. நான்கு வருடத்தில் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

உட்கார்ந்தார். உருமாலைக் கட்டிவிட்டார்கள். உள்ளங்கையில் குண்டு, குண்டின் மேல் டேப்பின் முனை, மடியில் குழந்தை. ஆசாரி ஒரு காதைக் குத்தினார். குழந்தை வீரிட்டு டேப்பைப் பிடித்து இழுத்தது. சிங்காநல்லூர் சுடுதளத்தில் துரைராஜ் ஆடிப்போய், யார் இழுப்பது என்று போனில் கேட்டார். இரண்டாவது காதும் ஆனதும் அளவு சொன்னார்கள். எண்பத்து நாலு கிலோமீட்டர், முந்நூற்றுப் பத்து மீட்டர், ஆறு மில்லி. குழந்தைவேலு கடைசி இடம். அந்த ஆறு மில்லி குழந்தை இழுத்ததால் வந்தது என்று அவர் வாதாடிப் பார்த்தார். துரைராஜ் எழுதியது எழுதியதுதான் என்றுவிட்டார்.

போட்டோக்காரர் எல்லாரையும் நிற்க வைத்தார். அக்கா, சிந்துஜா, மாப்பிள்ளை, குழந்தை நால்வரும் நெருங்கி நின்றார்கள். போட்டி முறைப்படி முடியும்வரை டேப்பை விடவோ தொய்யவிடவோ கூடாது என்பதால் குழந்தைவேலு நாலடி தள்ளியே நிற்க வேண்டியிருந்தது. போட்டோக்காரர் கேமராவுக்குள் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டார். "அந்த ஒருத்தர உட்டுட்டா கச்சிதமா வருமுங்க" என்றார்.

"ஒருத்தரையும் உடவேண்டாம்" என்றார் அக்கா. "நீ தள்ளிப் போயி எடு."

போட்டோக்காரர் பின்னால் நடந்தார். பந்தலைத் தாண்டினார், தெருவைத் தாண்டினார். நாலு மணி நேரம் கழித்து நம்பியூரிலிருந்து போன் செய்தார். இப்போது ஐந்து பேரும் நெருக்கமாக வந்துவிட்டார்கள், யாரும் ஆட வேண்டாம் என்றார். குழந்தைவேலு மூச்சை அடக்கிக்கொண்டார்.