புறங்கை

பரணிலிருந்து பித்தளை அண்டாவை இழுத்தபோது அதன் பின்னால் இருந்த பாலித்தீன் பையும் சேர்ந்து வந்து தரையில் விழுந்தது. தமிழரசன் அண்டாவை இறக்கி வைத்துவிட்டுப் பையைப் பார்த்தான். அவனுடைய பந்தய ஷூக்கள். சைக்கிளை விற்ற அன்று அவன்தான் அவற்றைப் பரணில் வீசினான். பையில் போட்டது அவனில்லை. பையின் வாய் பழைய புடவைக் கரையால் கட்டப்பட்டிருந்தது. இரண்டு முடிச்சு. அரிசி மூட்டையை அம்மா அப்படித்தான் கட்டுவாள்.

வெளியே மேளம் நின்று நின்று அடித்தது. அம்மாவைக் குளிப்பாட்ட அண்டாவுக்காகக் காத்திருந்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தான். இடது ஷூவுக்குள் சின்ன எவர்சில்வர் சம்படம் இருந்தது. திறந்தான். பாதிக்கு மேல் பழுப்புப் பொடி. அம்மாவின் மூட்டு வலிப் பொடி. சந்தைக்கு வேனில் வரும் ஒருவனிடம் வருஷக்கணக்காக வாங்கிச் சாப்பிட்டாள்.

நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அந்தப் பொடியைப் பற்றித்தான் கேட்டாள். அம்மாவின் உப்பிய முகத்தையும் தாள்போல் மெலிந்திருந்த கைத்தோலையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இந்த மாதிரிப் பொடியில ஸ்டீராய்டு கலக்குறாங்க. ரொம்ப நாள் சாப்பிட்டுட்டுத் திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காது. எப்ப நிறுத்தினாங்க?"

அவனுக்குத் தெரியவில்லை. நிறுத்தியதே தெரியாது. ஸ்டீராய்டு என்ற சொல்லுக்குப் பிறகு டாக்டரம்மா பேசியது எதுவும் காதில் விழவில்லை. விடிவதற்குள் அம்மா இறந்துவிட்டாள்.

தமிழரசன் பொடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

தெரிந்த கசப்பு. உத்திரமேரூர் ரோட்டில் ஓட்டிவிட்டுக் கால் மரத்துப்போய் வரும்போது அம்மா ஒரு சொம்பு கூழ் கொடுப்பாள். கரண்டியால் கலக்கிக்கொண்டே வருவாள். இன்னாமா கசக்குது என்றால், வெந்தயம், உடம்புக்குக் குளிர்ச்சி என்பாள். அவன் மாத்திரை எதுவும் போடுவதில்லை. சளிக்குக்கூட மருந்து குடிக்க மாட்டான். பந்தயத்தில் சோதிப்பார்கள், எதில் எது இருக்குமோ என்று பயம். அது அம்மாவுக்குத் தெரியும்.

அக்கா வளர்மதி உள்ளே வந்தாள்.

"அண்டா எங்கடா? மாமா கத்திக்கினு கீறாரு."

அவன் கையைப் பார்த்தாள். திரும்பிக் கதவைச் சாத்தினாள்.

"எங்க இருந்திச்சி?"

"ஷூவுல."

"ஏரியில கொட்டிட்டேன்னு சொன்னாங்க எங்கிட்ட."

அவன் அவளையே பார்த்தான். அவள் அண்டாவின் விளிம்பில் இருந்த ஒட்டடையைத் துடைத்தாள்.

"போன்ல ஒரு நியூஸ் வந்திச்சிடா. சந்தையில விக்கற மூட்டு வலிப் பொடியில இன்னா கலக்கறானுங்கன்னு. நான்தான் படிச்சிக் காட்டினேன். ஸ்டீராய்டா, தம்பி மேல சொன்னாங்களே அதாடின்னாங்க. ஆமான்னேன். அன்னிக்கி சாப்புடவே இல்ல. காலையில எழுந்து, அவன் கூழுலயும் போட்டேன்டின்னாங்க. அவ்ளோதான்."

"எங்கிட்ட சொல்லல நீ."

"நானே சொல்றேன்னாங்க."

அம்மா சொல்லவில்லை. இரண்டு வாரமாக நடை தளர்ந்திருந்தது. வாந்தி எடுத்தாள். அவன் கம்பெனி வேன் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வரும்போது சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். வெயில் என்றுதான் அவன் நினைத்தான். எலெக்ட்ரால் வாங்கிக் கொடுத்தான்.

"இத எட்துக்கினு போய் குடு," என்றாள் வளர்மதி. "டெஸ்ட் பண்ணட்டும். உன் பேரு திரும்பி வரும். நின்னுபோன வேலையக்கூடக் கேக்கலாம். அதுக்குத்தான்டா ஷூவுல வச்சிருக்காங்க."

"பேப்பர்ல இன்னான்னு வரும்?"

வளர்மதி ஷூக்களைப் பைக்குள் வைத்தாள். "அவங்க போய்ட்டாங்க. நீ கீற," என்றாள்.

அவன் சம்படத்தை மூடி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான். அண்டாவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகப் போனான்.

குழாயடியில் தண்ணீர் சன்னமாக வந்தது. ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மலர்க்கொடி அத்தையின் குரல் கேட்டது.

"செல்லம்மா நல்லாத்தானே இருந்திச்சி. அது தலைமேல கைய வச்சி அவன் பொய் சத்தியம் பண்ணான் பாரு, அதான்."

"உன் புள்ள தெனம் பண்றான், இனிமே குடிக்க மாட்டேன்னு. நீ கல்லாட்டம் கீற."

"அவன் வூட்டுக்குள்ள பண்றான். இவன் கோயில் வாசல்ல பண்ணான்."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி ஒப்பாரியை எடுத்தாள். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

கோயில் வாசலில்தான். அவனுடைய சிறுநீரில் ஸ்டீராய்டு ஊக்கமருந்து இருந்ததாகப் பேப்பரில் வந்த மறுநாள். அவனுக்கு பேனர் வைத்த அதே ஆட்கள் கூடியிருந்தார்கள். அவன் அம்மாவைக் கூப்பிட்டு நிற்கவைத்து அவள் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தான். அம்மா தலைமேல சத்தியமா நான் எதையும் தொடல. எண்ணெய் வைத்த தலை சூடாக இருந்தது. அம்மா கூட்டத்தைப் பார்த்து, போதுமா என்று கேட்டாள்.

போதவில்லை. அவனைத் தடை செய்தார்கள். விளையாட்டுக் கோட்டாவில் வரவிருந்த வேலை நின்றது.

அண்டா நிறைந்து வழிந்தது.

குழாயை நிறுத்திவிட்டு நிமிர்ந்தபோது ஆல்பர்ட் நின்றிருந்தான். திருப்புலிவனத்துக்காரன். இருவரும் ஒன்றாக ஓட்டப் பழகியவர்கள், ஒரே டீம். சத்தியம் செய்த அன்று அவன் பக்கத்தில் நின்றவன் ஆல்பர்ட்தான். அப்புறம் வரவில்லை. இப்போது சென்னையில் வேலையிலிருக்கிறான். கையில் ரோஜா மாலை.

"மச்சான்," என்றான்.

தமிழரசன் தலையை ஆட்டினான்.

"அம்மா கையால எவ்ளோ சாப்ட்டுக்கீறேன். நான் வந்தாலே கூழு எட்தாந்துடும். எனக்குத்தான் கூழு புடிக்காதுன்னு சொன்னா கேக்காது."

"குடிச்சியா நீ?"

"எங்க. நாய்க்கு ஊத்திடுவேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

ஆல்பர்ட் மாலையை இடது கைக்கு மாற்றினான்.

"உன் ரூம்ல தங்கினேன்னு என்னிய எத்தினி தபா டெஸ்ட் பண்ணாங்க தெரியுமா? இப்பவும் எவனாவது கேக்கறான், உன் ஃபிரண்டு இன்னா போட்டான்னு. அவன் போட மாட்டான்னு சொல்வேன். சொல்றப்பவே எனக்கே டவுட்டா இருக்கும். அது ரொம்ப பேஜாரா கீதுடா." தரையைப் பார்த்தான். "இங்க கேக்கக் கூடாது. ஆனா இனிமே எங்க கேப்பேன். எடுத்தியா இல்லியா? ஒரே வார்த்தை. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சம்படம் இடுப்பில் அழுத்தியது. தட்டியின் அந்தப் பக்கம் ஒப்பாரி அடங்கியிருந்தது. பெண்கள் யாரும் பேசவில்லை.

"எடுத்தேன்," என்றான் தமிழரசன்.

"இன்னா?"

"எடுத்தேன்டா."

ஆல்பர்ட் மாலையை இறுக்கிப் பிடித்தான். மாலையிலிருந்து ஒரு இதழ் உதிர்ந்து அண்டாவுக்குள் விழுந்தது.

"அம்மா தலையில கைய வச்சியேடா," என்றான். முன்பக்கம் போய்விட்டான்.

முனிரத்தினம் மாமா கூப்பிட்டார். "தமிழு. எண்ண வைக்க வாடா. நேரமாவுது."

அவன் சமையலறைக்குள் போனான். வளர்மதி கிண்ணத்தில் சீயக்காய்த் தூளைக் கொட்டி வைத்திருந்தாள். இன்னும் தண்ணீர் விடவில்லை. அவன் இடுப்பிலிருந்து சம்படத்தை எடுத்தான். திறந்து கிண்ணத்தின்மேல் கவிழ்த்தான். அடியில் ஒட்டியிருந்ததை விரலால் தட்டினான்.

"டேய்," என்றாள் வளர்மதி.

இரண்டும் ஒரே நிறமாக இருந்தன.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். வெளியே மாமா மறுபடியும் கூப்பிட்டார். வளர்மதி சொம்பை எடுத்துத் தண்ணீர் விட்டாள். கட்டி இல்லாமல் விரலால் கரைத்தாள். கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தாள்.

அம்மாவை வாசலில் பெஞ்சின்மேல் உட்காரவைத்துப் பின்னாலிருந்து பிடித்திருந்தார்கள். சுற்றிலும் புடவையை மறைப்பாகப் பிடித்திருந்தார்கள். தாடையைக் கட்டியிருந்ததில் முகம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. மலர்க்கொடி அத்தை அவனுக்கு வழி விட்டாள். சற்று அதிகமாகவே விலகினாள்.

அவன் எண்ணெயைத் தொட்டு அம்மாவின் உச்சந்தலையில் வைத்தான்.

"உள்ளங்கை இல்லடா," என்றார் மாமா. "புறங்கை. சாவுக்குப் புறங்கையாலதான் வைக்கணும்."

அவன் கையை எடுக்கவில்லை. தலை குளிர்ந்திருந்தது.

பிறகு கையைத் திருப்பினான். புறங்கையால் மூன்று முறை எண்ணெய் வைத்தான். புறங்கையால் மூன்று முறை சீயக்காய் வைத்தான். வளர்மதி அவன் பின்னால் வந்து வைத்தாள். மற்றவர்கள் வைத்தார்கள். கிண்ணம் காலியானது.

சொம்பை எடுத்து, வாசலுக்குத் தூக்கி வந்திருந்த அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றினான். பழுப்புத் தண்ணீர் அம்மாவின் முகத்தில் வழிந்து, பெஞ்சின் கால்களைச் சுற்றி, வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடியது. அங்கே நின்றிருந்த ஆல்பர்ட் காலை நகர்த்திக்கொண்டான்.

தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"போதும்டா," என்றார் மாமா.

அவன் இன்னொரு சொம்பு மொண்டான்.