அருள்வாணன் வீடு திரும்பிய அத்தியாயம்

பெத்துராஜ் வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆன பிறகுதான், அவன் போன விதம் ஒரு புத்தகத்தில் அச்சாகி இருக்கிறது என்று அவன் அப்பா கோமதிநாயகத்துக்குத் தெரியவந்தது.

சங்கரன்கோவிலில் எழுத்துக்கூட்டத் தெரிந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் ஒரு தடவையாவது படித்த நாவல் அது. கதாநாயகன் அருள்வாணன், ஏழை ஜனங்களுக்காக வீடு வாசலைத் துறந்து போகிற உத்தமன். பெத்துராஜ் அதை அட்டை பிய்கிற அளவுக்குப் படித்தான். சுதந்திரம் வந்த இரண்டாம் வருஷம் அவனும் துறந்து போனான். புத்தகத்தை விட்டுவிட்டுப் போனான், பெண்டாட்டி தங்கத்தாயையும் அப்படியே.

கோமதிநாயகத்துக்கு மிளகாய் வத்தலைக் கையில் எடுத்தாலே அது எந்த ஊர்ச் சரக்கு என்று தெரியும், எழுத்து மட்டும் தெரியாது. மருமகள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பரணை ஒதுங்கவைத்தபோது அகப்பட்ட புத்தகத்தை, மத்தியானம் மாமனார் சாப்பிட்டுச் சாய்ந்திருந்த நேரம், பொழுது போகட்டும் என்று உரக்கப் படித்தாள். நாலாவது அத்தியாயத்தில் அருள்வாணன் மோதிரத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு, விடியுமுன் நடையைக் கட்டினான். கிழவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இது நம்ம பய பண்ணினதுல்லா?"

பண்ணினதுதான். அந்த மோதிரம் தங்கத்தாய் கையில்தான் அகப்பட்டது, உலைக்கு அரிசி அளக்கும்போது. அவன் எழுதிவைத்துவிட்டுப் போன 'என்னை ஊருக்குப் பிறந்தவனாக நினைத்துக்கொள்ளுங்கள்' என்பதுகூட அருள்வாணன் எழுதியதுதான், ஒரு சொல் பிசகவில்லை. பெண்டாட்டியை விட்டுப் போகிறவனுக்குச் சொந்தமாக ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. கிழவருக்கோ அதுவே பிடிமானமாகிவிட்டது. இதுவரைக்கும் புத்தகத்தில் எழுதியபடி நடந்தவன் இனிமேலும் அப்படித்தானே நடப்பான்? ஜோசியன் சொல்லாததை இது சொல்லிவிடும் என்று நம்பினார். கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் முடிவைச் சொல்லியிருப்பார்கள். வீட்டுச் சங்கதியைத் தெருவில் விசாரிக்க அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

தினமும் ஒரு அத்தியாயம், முடிந்ததும் ஒரு வழக்கு.

"தாகம்னு வந்தவனுக்கெல்லாம் கெணறு வெட்டுதான். அவனைத் தப்புச் சொல்ல முடியுமா மக்கா?"

"முடியாது மாமா."

"பொறவு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?"

"அவன் பொண்டாட்டி பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

கிழவர் யோசித்தார், வரவில்லை. அவர் மேல் குற்றமில்லை. முந்நூறு பக்கத்தில் அந்தப் பெயர் மூன்றே இடத்தில் வருகிறது. தங்கத்தாய் விரல் வைத்துத் தேடியிருந்தாள். ஒரு இடத்தில் விளக்கேற்றுகிறாள், ஒரு இடத்தில் அழுகிறாள், ஒரு இடத்தில் யாரோ அவளைப் புண்ணியவதி என்கிறார்கள். அருள்வாணனைப் பற்றித் தங்கத்தாய் கண்டுகொண்டது இதுதான்: ஆயிரம் பேர் சேர்ந்து நின்றால் அவனுக்குக் கண்ணீர் வரும், ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றால் கண் தெரியாது. எழுதின மகராசனுக்கும் தெரியவில்லை.

இதற்குள் ராயகிரியிலிருந்து அவள் அண்ணன் சங்கரபாண்டி இரண்டு தடவை வந்து போய்விட்டான். அங்கே ஒரு வரன் இருந்தது. பலசரக்குக் கடைக்காரர், மனைவியை இழந்தவர். இவர்கள் வகையறாவில் பழைய கட்டைத் தீர்த்துக்கொண்டு மறுதாலி கட்டுவது வழக்கம்தான். புருஷன் வீட்டுப் பெரியவர் நாலு பேர் முன்னால் 'கூட்டிட்டுப் போங்க' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவே. தங்கத்தாய்க்கு வயது இருபத்தைந்து. அந்த மனிதரை அண்ணன் வீட்டில் ஒரு முறை பார்த்திருக்கிறாள். 'வெயில்ல வந்திருக்கீக, மோர் குடிச்சீகளா?' என்று கேட்டார். மூன்று வருஷத்தில் அவளை யாரும் அப்படி ஒன்று கேட்டதில்லை. அவளுக்குப் போகத்தான் ஆசை. அதில் ஒளிவுமறைவு என்ன வேண்டியிருக்கிறது?

"புஸ்தகம் முடியட்டும் தம்பி" என்றார் கோமதிநாயகம். "கடைசியில அவன் திரும்பி வந்தா இவ இங்கன இருக்கட்டும். வரலைன்னா என் வாயால நானே அனுப்பி வைக்கேன். இது சத்தியம்."

கடைசி அத்தியாயத்தை அவள் முந்தின நாளே அடுக்களையில் தனியாகப் படித்துவிட்டாள். அருள்வாணன் வரவில்லை. வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில் நிற்கிறான். ஒன்று அவன் ஊருக்குப் போகிற பாதை, மற்றது காலரா கண்ட கிராமத்துக்கு. அவன் கிராமத்துக்குப் போகிறான், அங்கேயே சாகிறான், ஜனங்கள் மாலை போடுகிறார்கள். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனசுக்குள் ஒரு ஓரத்தில் சந்தோஷமும் இருந்தது. இதை அப்படியே படித்தால் போதும், அவள் கட்டு அவிழ்ந்துவிடும்.

மறுநாள் கிழவர் தன் வத்தல் மண்டியைப் பூட்டிவிட்டு வந்து குளித்தார். வெளுத்த வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி உட்கார்ந்தார். சங்கரபாண்டியும் வந்திருந்தான். அவனுக்கும் எழுத்து வாசனை கிடையாது.

வழி பிரிகிற இடம் வந்தது. 'அருள்வாணன் நின்றான்' என்று படித்துவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினாள். அப்போது அவள் நிமிர்ந்து பார்த்திருக்கக் கூடாது. கிழவர் கைகூப்பிக்கொண்டிருந்தார், யாரைப் பார்த்து என்று அவருக்கே தெரிந்திருக்காது. இந்த வாயால் அவர் பிள்ளையைச் சாகடிக்க வேண்டும். அவளால் ஆகவில்லை.

கண் எழுத்தின் மேலேயே இருந்தது, வாய் வேறு வழியில் போனது. அருள்வாணன் ஊர்ப் பாதையில் திரும்பினான். தலை கொஞ்சம் நரைத்து, கால் வெடித்து, பசியோடு வீட்டு நடையில் வந்து நின்றான்.

"பொண்டாட்டி என்ன பண்ணினா?"

"கதவைத் தெறந்தா மாமா."

"அவகிட்ட அவன் என்ன சொன்னான்?"

பெத்துராஜ் திரும்பி வந்தால் சொல்ல வேண்டிய அந்த வார்த்தையை எத்தனையோ நாள் அவள் தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்திருக்கிறாள். இப்போது உரக்கச் சொன்னால் உடைந்துபோவாள்.

"ஒண்ணும் சொல்லலை மாமா. கால் கழுவத் தண்ணி கேட்டான்."

கிழவர் துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார்.

சங்கரபாண்டி அவளை வாசலுக்குக் கூப்பிட்டான். "ஏட்டி, நெசமாவே அப்படித்தான் போட்டிருக்கா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். இல்லையென்று தலையை அசைத்தால்கூடப் போதும், அவன் புரிந்துகொள்வான்.

"அப்படித்தான் போட்டிருக்குண்ணே."

அவன் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான். ராயகிரிக்காரர் ஆவணிக்குள் வேறு பெண் பார்த்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். மாமாவுக்காகத்தான் செய்தேன் என்று பின்னால் பல வருஷம் தனக்கே சொல்லிக்கொண்டாள். அது பாதி நிசம். அச்சில் செத்துப்போனவனை வாய்விட்டு அழைத்ததும் நடையில் வந்து நின்றவன் பெத்துராஜாக இருந்தான், அது மீதி.

உள்ளே கிழவர் முகம் கழுவிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஆசையாக உட்கார்ந்திருந்தார்.

"மக்கா, இன்னும் ஒண்ணே ஒண்ணு. வீட்டை விட்டுப் போன எத்தனாவது வருசத்துல அவன் திரும்பி வந்தான்னு போட்டிருக்கா?"

தங்கத்தாய் புத்தகத்தைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினாள்.

"அதைப் போடலை மாமா" என்றாள்.